நேபாள மிஷன் டிரிப்: அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், நான் போகலாமா?

(வாசகியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். வயது 20, பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, அம்மா அண்டி ஆபீசுக்கு (முந்திரித் தொழிற்சாலைக்கு) வேலைக்குப் போகிறார், படிப்பு பேங்க் லோனில் ஓடுகிறது, தம்பி பிளஸ் டூ. கல்லூரி ஜெபக்குழுவிலிருந்து 14 மாணவர்களும் இரண்டு பொறுப்பாளர்களும் ஜூன் கடைசியில் நேபாளத்துக்கு மிஷன் டிரிப் போகிறார்கள். மொத்தம் 16 நாள். திருவனந்தபுரத்தில் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் பிடித்து கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, அப்புறம் பஸ்ஸில் காத்மாண்டு. அங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஐந்து நாள், தாதிங் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் மூன்று நாள் மருத்துவ முகாம், மாலையில் தெரு நாடகம், கைப்பிரதி. மீதி எட்டு நாள் போக வர.

ஆளுக்கு 38,000 ரூபாய். இவள் சபையில் பத்திருபது வீடுகளுக்குக் கடிதம் கொடுத்துச் சேர்த்து, 5,000 முன்பணம் கட்டிவிட்டாள். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்கிறார்; "நம்ம ஊர்ல இல்லாத ஏழையா நேபாளத்துல இருக்கான்?" என்று கேட்கிறார். குழுத் தலைவரோ, கலப்பையில் கை வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது, வீட்டார் தடுப்பது சத்துருவின் வேலை என்கிறார். தோழி ஒருத்தி, பெற்றோர் சம்மத ஃபாரத்தில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுக்கொடுத்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறாள். கடைசியில் கேள்வி: "அக்கா, எனக்கு நேபாளத்துக்காக உண்மையாகவே பாரம் இருக்கிறது. 20 வயதாகிவிட்டது, அப்பா சம்மதம் இல்லாமல் போகலாமா? சட்டப்படி ஏதாவது பிரச்சினை வருமா?"

தங்கச்சி, முதலில் நீ கேட்ட கேள்விக்கே பதில். போகலாம். 18 முடிந்தால் நீ மேஜர், உன்னை நேபாளத்துக்குப் போகாதே என்று தடுக்க அப்பாவுக்குச் சட்டப்படி அதிகாரம் கிடையாது. ஆனால் உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்குக் கவலை வந்தது அப்பா சம்மதத்தைப் பற்றி அல்ல, இந்தப் பயணத் திட்டத்தைப் பற்றி. நீ மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு மூன்று விஷயங்கள்தான் இதில் பெரிய சங்கதி. நானும் சி.எஸ்.ஐ. சபையில் ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்தவள்தான், ஊழியம் என்றாலே முகத்தைத் திருப்புகிற ஆள் இல்லை. அந்த நம்பிக்கையில் படி.

கையெழுத்து

தோழி சொன்ன யோசனையை இன்றைக்கே மறந்துவிடு. ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட்டுக் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவில் வருகிற குற்றம், இரண்டு வருடம் வரை சிறை உண்டு. அப்பா புகார் கொடுக்க மாட்டார், சரி. ஆனால் நாளைக்கு அங்கே உனக்கு ஏதாவது ஆகி, அந்தத் தாளை எடுத்து "உங்கள் சம்மதத்தோடுதானே வந்தாள்" என்று அந்த மனுஷன் முன்னால் நீட்டினால்? பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தான் போடாத கையெழுத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஃபாரத்தின் இரண்டாம் பக்கத்தை நீ அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. "விபத்து, நோய், மரணம் எதற்கும் நிறுவனமோ பொறுப்பாளர்களோ பொறுப்பல்ல, பெற்றோராகிய நான் எந்த வழக்கும் தொடர மாட்டேன்" என்று இருக்கிறது. நீ மேஜர் என்பதால் பெற்றோர் கையெழுத்து சட்டத்துக்குத் தேவையே இல்லை. பிறகு ஏன் கேட்கிறார்கள்? நாளைக்குக் கேள்வி வந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதிரி ஒரு வரியால் அலட்சியத்துக்கான பொறுப்பு முழுசாகக் கழன்றுவிடாது, பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவே சொல்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க அலையப்போவது யார் என்று யோசி. பொறுப்பே எடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்குகிறவரிடம் "அப்படியென்றால் எதற்குத்தான் பொறுப்பு எடுப்பீர்கள், அதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

விசா வேண்டாம் என்பதும், எதுவும் செய்யலாம் என்பதும்

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், அது சரி. ஆனால் ஆதார் அட்டை போதும் என்று உங்கள் தலைவர் சொன்னது சரியில்லை. 15 வயதுக்குக் கீழே, 65 வயதுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் ஆதாரை வைத்துப் போக அனுமதி. உன் வயதுக்காரர்களுக்கு பாஸ்போர்ட் வேண்டும், இல்லையென்றால் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை. கல்லூரி ஐ.டி., பான், லைசென்ஸ் எதுவும் ஆகாது. சுனௌலியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனால் யாரும் கேட்காமலே விட்டுவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் ஒரு விபத்து, ஒரு போலீஸ் விசாரணை என்று வந்தால் நீ யார் என்று நிரூபிக்க உன்னிடம் ஒன்றும் இருக்காது. இந்த டிரிப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடு, சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்தான். நர்சிங் படித்துவிட்டு பாஸ்போர்ட் எடுக்காமல் இருக்கும் பிள்ளை நம்ம மாவட்டத்தில் அதிகம் கிடையாது.

இனி பெரிய விஷயம். "எல்லையில் கேட்டால் டூரிஸ்ட் என்று சொல்லச் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஏன் அப்படிச் சொல்லச் சொல்கிறார்கள் என்று நீ கேட்டாயா? நேபாளத்தின் 2015-ஆம் வருட அரசியலமைப்பு, 26-வது பிரிவில், ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் அவர்களுடைய குற்றவியல் சட்டம் 158-வது பிரிவில், மதம் மாற்றுவது, மாற்ற முயல்வது, அதற்குத் துணை போவது மூன்றுக்குமே ஐந்து வருடம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, ஆசை காட்டவில்லையே" என்பது நம்ம ஊரில் எடுபடுகிற வாதம். அந்தப் பிரிவில் கட்டாயம், ஆசைகாட்டல் என்ற நிபந்தனையே கிடையாது, முயற்சி இருந்தாலே போதும். மருந்து கொடுத்துவிட்டு அதே இடத்தில் மாலையில் நாடகம் போட்டுக் கைப்பிரதி கொடுப்பதை, புகார் கொடுக்க நினைக்கிற ஒருவர் எப்படி எழுதுவார் என்று யோசித்துப் பார். வேலையை மிச்சம் வைக்காமல் நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால், எனக்கு உடன்பாடில்லை, மதச்சுதந்திரம் பற்றிப் பேசுகிற பலரும் உலக அளவில் இதைக் கண்டித்திருக்கிறார்கள். அது வேறு கதை. நீ அங்கே போய் நிற்கும்போது சட்டம் அதுதான். இன்னும் ஒன்று, இதைத்தான் உங்கள் குழுவில் யாரும் பேசவில்லை என்று தெரிகிறது: நீங்கள் மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவீர்கள், உங்களைக் கூட்டிக்கொண்டு போன உள்ளூர் போதகர் அங்கேயேதான் இருப்பார். மேற்கு நேபாளத்தில் ஒரு போதகருக்கு 2021-ல் டோல்பா மாவட்ட நீதிமன்றம் இரண்டு வருடம் சிறை விதித்தது, மேல்முறையீட்டில் அது ஒரு வருடமானது. அவர்கள் தங்கள் சொந்த ஊரில் என்ன பேசலாம், எவ்வளவு பேசலாம் என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவர்கள். வெளியூரிலிருந்து 16 பேர் வந்து ஆர்மோனியத்தோடு இறங்கினால் அந்தக் கணக்கெல்லாம் ஒரே நாளில் குலைந்துபோகும். அந்த ஊர் சபை இந்த நாடகத்தைக் கேட்டதா, இல்லை இங்கிருந்தே முடிவு செய்ததா? தலைவரிடம் கேள். அவர்கள் கேட்ட கடிதம் இருந்தால் காட்டச் சொல்.

குழந்தைகள் இல்லத்தில் ஐந்து நாள்

உனக்கு இதுதான் மனசுக்கு மிகவும் பிடித்த பகுதி என்று தெரிகிறது. பாட்டு, கைவேலை, பிறந்தநாள் கேக், ஆளுக்கொரு ஸ்வெட்டர். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்: போக வேண்டாம்.

நேபாளத்தில் "அனாதை இல்லம்" என்ற பெயரில் இருக்கும் இடங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். தூரத்து மலைக்கிராமங்களில் ஆள் போய், காத்மாண்டுவில் நல்ல படிப்பு என்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்து, காகிதத்தில் அனாதையாக்கிவிடுகிற வேலை அங்கே பல வருடமாக நடக்கிறது. அந்த இல்லங்கள் ஏழை ஜில்லாக்களில் இல்லை, காத்மாண்டு, பொக்காரா மாதிரி வெளியூர்க்காரர்கள் வந்து போகும் இடங்களில்தான் குவிந்திருக்கின்றன. ஏன் என்று உனக்கே புரியும். 2015 ஏப்ரல் பூகம்பத்துக்குப் பிறகு இது இன்னும் அதிகமாகிவிடுமோ என்று பயந்து, பிள்ளைகளைப் பெற்றோர் துணை இல்லாமல் ஜில்லா விட்டு ஜில்லா கொண்டுபோக அந்த அரசாங்கமே கட்டுப்பாடு போட்டது. 2018-ல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது இந்த இல்லக் கடத்தலையும் அதில் ஒரு வகையாக எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் போய் வருவதால் பிள்ளைகளுக்கு வரும் கெடுதலைப் பற்றித் தீர்மானமே போட்டது.

நீங்கள் போகிற இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை, எனக்கு அதன் பெயர்கூட நீ எழுதவில்லை. ஆனால் நல்ல இல்லமாக இருந்தாலும், மாதத்துக்கு ஒரு குழு வந்து மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு அழுதுகொண்டே டாட்டா காட்டிவிட்டுப் போவது அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யும்? நீ குழந்தைகள் நல நர்சிங் பாடத்தில் பிரிவு ஏக்கம் பற்றிப் படித்திருப்பாய். ஆறு வயதுப் பிள்ளை தெரியாத ஆள் மீதெல்லாம் ஓடி வந்து ஏறுகிறது என்றால் அதை "எவ்வளவு பாசம்" என்று நாம் போட்டோ எடுக்கிறோம், உன் ஆசிரியை அதை வேறு பெயரில் குறித்துக்கொள்வார். அந்த போட்டோ விஷயமும் அப்படித்தான். நம்ம ஊரில் ஒரு இல்லத்துப் பிள்ளையின் முகத்தை எவனோ வெளியூர்க்காரன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "பாவம், அனாதை" என்று போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

ஊசியும் மருந்துப் பெட்டியும்

உனக்குச் சட்டச் சிக்கல் வருவதென்றால் முதலில் இங்கேதான் வரும். "நர்சிங் பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம், சுகர், பிரஷர் பார்த்து ஊசி போடுவோம், டாக்டர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்துகொள்வார் என்று நம்புகிறோம்" என்று எழுதியிருக்கிறாய். நம்புவது எல்லாவற்றுக்கும் போதும், இதற்குப் போதாது. இங்கேயே நீ ஆசிரியை பக்கத்தில் நிற்காமல் ஒரு ஊசி போட முடியாது. நேபாளத்தில் அவர்களுடைய நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ், மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் டாக்டர். ஏழை ஊர் என்பதால் அங்கே தகுதி குறைத்துக்கொள்ளப்படாது. ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்தாலோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஒருவர் மயங்கி விழுந்தாலோ, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம் என்பதே உங்கள் யாருக்கும் தெரியாது.

அப்புறம் அந்த மருந்து. டாக்டர்களிடமும் மெடிக்கல் ஷாப்களிலும் கேட்டு வாங்கிய சாம்பிள் மாத்திரைகள், சிரப்புகள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருப்பதாகவும், "சிலது ஆகஸ்டில் எக்ஸ்பைரி, அதற்குள் கொடுத்துவிடலாம்" என்றும் சொல்கிறாய். உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை வழிகாட்டுதலில், போய்ச் சேரும்போது காலாவதிக்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்க வேண்டும், அந்த நாட்டு மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில் லேபிள் இருக்க வேண்டும், சாம்பிள் மருந்து கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஜூன் கடைசியில் மூன்று மாதத்துக்கான பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால், மூன்றாவது மாதம் அந்தப் பாட்டி காலாவதியானதைத்தான் விழுங்கிக்கொண்டிருப்பார். நான்காவது மாதம் அதுவும் இல்லை.

இதைவிட முக்கியம்: அந்த எல்லை போதை மாத்திரை, இருமல் சிரப் கடத்தலுக்குப் பேர்போன எல்லை. கோடின் கலந்த சிரப்பும் டிரமடாலும் உங்கள் பெட்டியில் தெரியாமல் கலந்து கிடந்து, அதற்குச் சீட்டோ இறக்குமதி அனுமதியோ இல்லாமல் இருந்தால், மிஷன் டிரிப் என்று விளக்கிச் சொல்ல அங்கே பொறுமையாக யாரும் கேட்க மாட்டார்கள். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பேரில்தான் வழக்கு. பெட்டியைப் பெண் பிள்ளைகள் கையில் கொடுத்தால் சோதனை குறைவாக இருக்கும் என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் கடைசி என்றால் அங்கே பருவமழை. சுனௌலியிலிருந்து காத்மாண்டுவுக்கு பஸ் போகும் வழியில்தான் நாராயண்காட் - முக்லிங் சாலை இருக்கிறது, 2024 ஜூலையில் மண்சரிவு இரண்டு பஸ்களை அப்படியே திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது அந்தச் சாலையில்தான். அக்டோபர், நவம்பரில் போகிற சாலை வேறு, ஜூலையில் போகிற சாலை வேறு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது, பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், எடுத்திருக்கிறார்களா என்று கேள். உன் வருகைப்பதிவையும் பார்த்துக்கொள்: நர்சிங் கவுன்சில் விதிப்படி 80 சதவீதம் இருந்தால்தான் தேர்வு, கிளினிக்கல் நாட்களை பட்டம் வாங்குமுன் முழுசாக ஈடுகட்டியே ஆக வேண்டும். "சமாளித்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர் உன் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

அப்பா சொல்வதிலும் ஒரு தப்பு இருக்கிறது

இதுவரை படித்துவிட்டு அப்பாதான் ஜெயித்தார் என்று நினைக்காதே. "நம்ம ஊர்ல ஏழை இல்லையா" என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த வாதத்தை 1838-ல் லண்டன் மிஷன்காரர்கள் எடுத்திருந்தால் நெய்யூரில் டாக்டர் ராம்சே வந்து ஆஸ்பத்திரி தொடங்கியிருக்க மாட்டார். லண்டனில் அப்போது ஏழைகள் இல்லாமலா இருந்தார்கள்? அதற்கு முன்பே 1806-ல் மயிலாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபேயும் ஊரை விட்டு வந்தவர்தான். தூரத்து ஊருக்காக ஒரு பிள்ளைக்கு மனசு கசிவதில் தப்பே இல்லை, நாம் படித்ததும் பிழைத்ததும் அப்படி யாருக்கோ கசிந்ததால்தான்.

ஆனால் வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் சோமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன் இருந்தார். மலையிலிருந்து இறங்கி, ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பி நெய்யூர் வரை வந்தார். அங்கே அத்தனை நோயாளிகளுக்கு ஒரே ஒரு டாக்டர் நிற்பதைப் பார்த்தார், உதவிக்கு அறுவை சிகிச்சைகள் செய்தார். லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து இருபது வருடத்துக்கு மேல் நெய்யூரிலேயே இருந்தார். அவர் இமயமலையிலிருந்து நம்ம ஊருக்கு வந்தார், நீ நம்ம ஊரிலிருந்து இமயமலைக்குப் போகப் பார்க்கிறாய், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரும் முதலில் வந்தது ஒரு குறுகிய பயணம்தான் என்று உங்கள் தலைவர் சொல்லக்கூடும், சொல்லட்டும். அவர் வரும்போதே படிப்பு முடித்த சர்ஜன், வேலை செய்தது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், அங்கே இருந்த டாக்டரின் கீழே. உனக்கு இந்த மூன்றில் ஒன்றும் இன்னும் இல்லை. வரும், இரண்டு வருடம் பொறு.

அப்பாவின் பயத்தைப் பற்றியும் நீ கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜூன் என்றால் மழைக்குப் பால்வெட்டு நிற்கிற மாதம், வீட்டில் கையில் காசு புரளாத மாதம். அந்த நேரத்தில் மகள் சபையார் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துப் பணம் கேட்கிறாள் என்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நீ அதை ஊழியத்துக்கான காணிக்கை என்று பார்க்கிறாய், அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கும். ஏழை ரோட்டோரத்தில் இருப்பான், காணிக்கைக் கவர் நம் கையில் இருக்கும் என்ற எண்ணம் நமக்கெல்லாம் இருக்கிறது, உன் வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. அவரைச் சத்துரு என்று சொன்ன வார்த்தையை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பெற்றவரின் பயத்தைப் பிசாசின் பேரில் எழுதி வைக்கிற தலைவர், நாளைக்கு நீ கேட்கிற கேள்வியையும் அதே பேரில்தான் எழுதுவார். உங்கள் சேகரத்து ஐயரிடம் (சபைப் போதகரிடம்) போய், தலைவரையும் வைத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஐயரும் இது நல்லது என்றால், நல்லது என்பதற்குக் காரணம் சொல்லட்டும்.

சரி, என்ன செய்யலாம்

இந்தத் திட்டத்தில் நீ போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். திட்டத்தை மாற்ற அவர்கள் தயார் என்றால் கதை வேறு. குழந்தைகள் இல்லம் வேண்டாம், மருந்துப்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், தெரு நாடகம் வேண்டாம், மழை முடிந்து போவோம், அங்குள்ள சபை கூப்பிட்ட வேலைக்கு, அவர்கள் சொல்கிறபடி, பாதிப் பேர் மட்டும் போவோம் என்று மாறினால், அது போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வருகிற பயணம். அப்படிச் சொல்லியே போகலாம், அதில் கேவலம் இல்லை. சபையாரிடம் பணம் கேட்கும்போதும் "சேவை செய்யப் போகிறேன்" என்று எழுதாமல் "கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று எழுது, கொடுக்கிறவர் கொடுக்கட்டும்.

அதைவிட நல்ல வழி ஒன்று உன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. நேபாள எல்லையில், பீகார் பக்கம் ரக்சௌலில் டங்கன் ஆஸ்பத்திரி என்று 1930-லிருந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நடக்கிறது. பீகார் கிராமத்து ஆட்களோடு நேபாளத்திலிருந்தும் எல்லை தாண்டி நோயாளிகள் அங்கே வருகிறார்கள். அது இந்தியாவுக்குள் இருப்பதால் உன் நர்சிங் படிப்பு அங்கே செல்லும். படிப்பு முடிந்து ரிஜிஸ்டர் செய்துவிட்டு ஒரு வருடம் இரண்டு வருடம் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், லோனையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம், ஹிந்தியும் நேபாளியும் காதில் ஏறும். அதற்குப் பிறகும் பாரம் இருந்தால் நேபாளத்துக்குள்ளேயே, அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு 1954-லிருந்து வேலை செய்கிற மிஷன் அமைப்பு உண்டு, பால்பா மாவட்டத்து தான்சேனில் அவர்கள் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அனுமதி வாங்கி, பதிவு செய்து, மொழி படித்துவிட்டுத்தான் நோயாளியைத் தொடுகிறார்கள். உன் தோழிகளுக்கும் இதைச் சொல், 14 பேரில் இரண்டு பேர் அப்படிப் போனாலும் அந்த ஊருக்கு அது எவ்வளவோ மேல்.

கடைசியாகப் பணம். 14 பேருக்கு 38,000 என்றால் 5,32,000 ரூபாய். ஸ்லீப்பர் கோச்சில் போய் எல்லையில் பஸ் ஏறுகிற பயணத்துக்கு இவ்வளவு எப்படி ஆகிறது, எழுத்தில் கணக்குக் கேளுங்கள். முன்பணத்தை டிரஸ்ட் பேரில் உள்ள பேங்க் கணக்குக்கு அனுப்பினாயா, தலைவரின் சொந்த ஜிபே நம்பருக்கா? கடிதத்தில் ஜிபே என்று மட்டும் இருக்கிறது. ரசீது இல்லையென்றால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் "இன்ன தேதியில் 5,000 முன்பணம் அனுப்பினேன், ரசீது வேண்டும்" என்று ஒரு செய்தி போட்டு அதற்கு வரும் பதிலைச் சேமித்து வை. போவதில்லை என்று முடிவு செய்தால் அதையும் எழுத்தில் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கேள். டிக்கெட் போட்டாயிற்று என்றால் ரத்துக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரட்டும், அது நியாயம். சபையார் கொடுத்த பணத்தை, யார் யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருப்பாய், அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடு, அல்லது கேட்டுக்கொண்டு வேறு காரியத்துக்கு வை, கேட்காமல் வைக்காதே. தராமல் இழுத்தடித்தால் போலீசுக்கு ஓட வேண்டாம், நாகர்கோவில் நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. ஒரு மனு எழுதி, ஃபாரத்தின் நகல், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பதில் மூன்றையும் இணைத்துக் கொடு, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள்.